ஏறும் வண்டிக்கு வழி

தேவாலா கடைவீதியில் யூனிஸின் போட்டோ அறையில் இருந்தவை ஒரு நாற்காலி, ஆணியில் தொங்கும் நீலத் துணி, தெற்குப் பார்த்த ஒரு ஜன்னல். ஜன்னல்தான் விளக்கு. மழை இருட்டிக்கொண்டு வந்துவிட்டால், படியேறி வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, நாளைக்கு வெளிச்சத்தோடு வாருங்கள் என்று அனுப்பிவிடுவாள். வெளிச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறாள் என்று கடைவீதியில் அதற்கு ஒரு கேலி உண்டு. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர்களை இரண்டு காதும் தெரியும்வரை விடமாட்டாள். இடது தோளைத் தளர்த்துங்கள், தாடையைத் தூக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். படம் வாங்கிப் போனவர்கள் திட்டிக்கொண்டே போவார்கள். ஆனாலும் அடுத்த முறை அங்கேயேதான் வருவார்கள்.

அவளுடைய அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்த வருடமே யூனிஸ் ஒரு ராணுவ அதிகாரி வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள். அந்தக் குடும்பம் பதான்கோட்டுக்கு மாற்றலானால் அவளும் பதான்கோட்டில் இருப்பாள். ஜோர்ஹாட்டுக்குப் போனால் ஜோர்ஹாட்டில். ஜாம்நகரில் ஒரு கோடை முழுக்க உப்புக்காற்றில் பிள்ளைகளின் தலையை வாரிவிட்டுக் கழித்தாள். அதிகாரியின் மனைவி பொழுது போகாமல் படமெடுக்கப் பழகியவர். புதுக் காமிரா வாங்கியபோது பழையதை ஒரே ஒரு லென்ஸோடு யூனிஸிடம் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குப் போனதும் அவளும் ஊர் திரும்பினாள். பெட்டியில் துணிமணியைவிட நெகட்டிவ் அதிகமாக இருந்தது.

திரும்பி வந்தவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பந்தலூர் பஸ் வந்தால் ஏறிவிடுவாள். நடுவட்டத்தில் இறங்கித் தேயிலைச் சரிவில் நடந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவாள். சர்ச்சில் யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்வாள். காமிராவோடு வந்த ஃபிளாஷ் தேவாலாவின் முதல் மழைக்காலத்திலேயே ஈரம் ஏறிச் செத்துப்போயிற்று. அதற்காக அவள் வருந்தவில்லை. பனிமூட்டத்தில் ஃபிளாஷ் அடித்தால் பனிதான் படத்தில் விழும், ஆள் விழுவதில்லை. ஆகவே அந்த இடத்தில் ஏற்கெனவே எரிகிற வெளிச்சம் எது என்று முதலில் தேடுவாள். தோட்டத் தொழிலாளர் லயத்துச் சமையலறை என்றால் அடுப்பு. கல்யாணம் என்றால் பெட்ரோமாக்ஸ். ஃபேக்டரி என்றால் வாசல் பல்பு. பையில் காமிரா, ஒரு ரோல், அரை ஆழாக்கு அரிசி போட்டுத் தைத்த சின்னத் துணிப்பை ஒன்று. கல்லின்மேலோ சுவரின்மேலோ அந்த அரிசிப் பையை வைத்து அதன்மேல் காமிராவை அமுக்கிவிட்டால் ஆடாது. அதற்குமேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை ஊர்வலத்தைத் தான் படமெடுப்பதாக யூனிஸ் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்ச் சொன்னாள்.

தேவாலாவில் ஆயுத பூஜை என்றால் ஜீப்புகளின் திருநாள். பஸ் போகாத எஸ்டேட் பாதைகளுக்கெல்லாம் ஜீப்தான் கால். பூஜையன்று பொழுது சாய்ந்ததும் ஸ்டாண்டு ஜீப்புகள் எல்லாம் பம்பரில் வாழைக்கன்றும், கூரையில் சீரியல் விளக்குமாக வரிசைகட்டும். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு கிளம்பும். எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் உள்ள மாரியம்மன் கோயில்வரை ஏறி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பும். எலுமிச்சம்பழம் நசுங்கியபின் ஸ்டாண்டுக்குத் திரும்பும்வரை எந்த வண்டியும் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. நிற்கலாம், மெதுவாகப் போகலாம், பின்னால் மட்டும் போகக் கூடாது. டிரைவர்களில் வேதக்காரர்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு. ஜெபமாலை தொங்கும் கண்ணாடிக்கு வெளியே சாமந்தி மாலை தொங்கும். இந்த ஒரு விதியில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஊர்வலத்தில் ஒவ்வொரு ஜீப்பையும் அதன் டிரைவரோடு படமெடுத்து, எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிச் சட்டத்தில் சேர்த்து, ஸ்டாண்டை ஒட்டிய பாலன் டீக்கடைச் சுவரில் மாட்டுவார்கள். அது அலங்காரத்துக்கு மாட்டியது அல்ல. எஸ்டேட்டிலிருந்து அவசரத்துக்கு வண்டி தேடி வருகிறவர்கள் சட்டத்தைப் பார்த்து, இவர் இருக்கிறாரா, அவர் இருக்கிறாரா என்று பாலனிடம் கேட்பார்கள். சட்டத்தில் முகம் இருக்கிறவர்தான் ஸ்டாண்டு டிரைவர். அவருக்குத்தான் வரிசையில் டர்ன். பூஜை போடாமல் பகலில் எடுத்த படத்தை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கிய வண்டியின் படமாக இருக்க வேண்டும்.

போன வருடம் வெளியூர் ஸ்டூடியோக்காரர் ஒருவர் பெரிய ஃபிளாஷோடு வந்து எடுத்தார். அன்றைக்குப் பனி. சட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது, நடுவில் அங்கங்கே ஒரு நம்பர் பிளேட். பாலன் அதைப் பஞ்சு மூட்டை என்று சொல்லியே வருடம் முழுக்க டீ ஆற்றினான்.

ஸ்டாண்டின் செயலாளர் மரியஅந்தோணி. நெடுநெடுவென்ற ஆள். சட்டைப் பையில் எப்போதும் விசில் இருக்கும். டர்ன் மாறினால் சொந்தத் தம்பியையும் கீழே இறக்கிவிடுகிறவர் என்று பெயர். யூனிஸ் கேட்டதும் அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஃபிளாஷு இல்லாமயா அம்மணி? பாஸ்போர்ட்டுக்கு வந்தவனைக் காது தெரியற வரைக்கும் உக்கார வெப்பே. ஜீப்பு உக்காராதே."

"உங்க ஜீப்பு ஓடுனதைவிட உக்காந்ததுதானுங்கண்ணா ஜாஸ்தி" என்றாள் யூனிஸ். 

பெஞ்சில் இருந்த டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். மரியஅந்தோணியும் மீசையைத் தடவிக்கொண்டார். பஞ்சு மூட்டையைவிட மோசமாக வர வழியில்லை என்று பாலன் உள்ளேயிருந்து சொன்னான். வேலை யூனிஸுக்கு வந்தது.

அப்போதுதான் வீரம்மா எழுந்து நின்றாள்.

வீரம்மாவின் புருஷன் பொன்ராஜ் ஸ்டாண்டில் பழைய டிரைவர். சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கி, பொழுது சாய்ந்தால் சாலைக்கும் சரிவுக்கும் வித்தியாசம் தெரியாத நிலைக்கு வந்துவிட்டான். வீரம்மா கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பொன்ராஜே சொல்லிக்கொடுத்தான். முறையாக லைசென்ஸும் எடுத்தாள். வண்டி, ராணுவம் கழித்துவிட்ட பழைய ஜீப். பட்டாள வண்டி என்று ஊரில் பெயர். பொன்ராஜ் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவான். ஆள் ஏற்றுவதும், பின்கதவைச் சாத்துவதும், பேச்சுக் கொடுப்பதும் அவன் வேலை. ஆனால் சட்டத்தில் வீரம்மாவின் முகம் இல்லை. அதனால் டர்ன் இல்லை. எல்லா வண்டியும் போனபின் மிச்சம் நிற்கிற ஆளைத்தான் அவள் ஏற்ற முடியும். மழை நாளில் பகல் முழுக்க நின்றுவிட்டு வெறும் வண்டியோடு லயத்துக்குத் திரும்பியதும் உண்டு.

இந்த வருடம் ஊர்வலத்தில் தன் வண்டியைத் தானே ஓட்டி வருவதாகவும், தன் படம் சட்டத்தில் இருக்க வேண்டும் என்றும் அவள் கேட்டாள்.

மரியஅந்தோணி உடனே மறுக்கவில்லை. ஓட்டட்டும், தனக்கு அதில் ஒன்றும் இல்லை என்றார். ஆனால் பத்து ஸ்டாண்டுக்காரன் வந்து டீ குடிக்கிற கடை. தேவாலா ஸ்டாண்டில் ஆம்பளைக்கா பஞ்சம் என்று கேட்பான். ஊர்வலத்துக்கு மட்டும் பொன்ராஜ் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொள்ளட்டும், பேருக்குத்தானே என்றார்.

"அவருக்கு ராத்திரில ரோடு தெரியாதுங்க" என்றாள் வீரம்மா. "ஸ்டியரிங்குல அவரை உக்கார வெச்சீங்கன்னா போட்டோவைச் சட்டத்துல மாட்ட வேண்டியதில்ல. ஊட்லயே மாலை போட்டு மாட்டிக்கலாம்."

முதலில் சிரித்தது பொன்ராஜ்தான். அவன் சிரித்த பிறகு மற்றவர்கள் டீ கிளாஸை எடுத்துக்கொண்டார்கள். மரியஅந்தோணி கொஞ்ச நேரம் விசிலை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். வீரம்மாவின் வண்டி கடைசியில் வரட்டும். படத்தில் அவள் முகமும் ஸ்டியரிங்கும் ஒன்றாகத் தெரியட்டும். தெரிந்தால் சட்டம் மாட்டிய மறுநாளிலிருந்து அவளுக்கு டர்ன். தெரியாவிட்டால் அடுத்த ஆயுத பூஜைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

"இருட்டுல, கடைசி வண்டில, ஃபிளாஷு இல்லாம" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எல்லோரும் யூனிஸைப் பார்த்தார்கள்.

"முகம் தெரியும்" என்றாள் யூனிஸ்.

வாய்க்கு வந்ததை அவள் சொல்லிவிடவில்லை. எங்கே நிற்பது என்பதை முன்பே யோசித்து வைத்திருந்தாள். கோயிலுக்கு ஏறும் பாதையில் தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் வலப்பக்கம் மடங்கித் திரும்பும் கொண்டை ஊசி வளைவு ஒன்று. அங்கே ஒரு ஜீப் திரும்பும்போது அதன் வலப்பக்கம் முழுக்க, பின்னால் வருகிற ஜீப்பின் ஹெட்லைட் விழும். டிரைவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் அதுதான். வளைவின் உட்புறத்தில் மைல்கல் ஒன்று இருந்தது, அரிசிப் பை வைக்க வசதியாக. கொண்டை வளைவில் முதல் கியருக்கு மாற்றும்போது ஜீப் ஒரு கணம் போகவும் போகாமல் நிற்கவும் நிற்காமல் தயங்கும். அந்தக் கணத்தில் அமுக்கினால் படம் கலங்காது. பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் மரியஅந்தோணியின் ஜீப்பையும் பின்னால் இன்னொன்றையும் ஏறச் சொல்லிப் பார்த்தாள். டிரைவரின் முகம், தோள், ஸ்டியரிங்கில் இருக்கும் கை எல்லாம் அந்த வெளிச்சத்தில் செதுக்கியதுபோல் நின்றன. வரிசையில் கடைசி வண்டிக்குப் பின்னால் வெளிச்சம் இருக்காது. அதற்காகப் பாலனின் வேனை வீரம்மாவுக்குப் பின்னால் வரச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தாள்.

பூஜையன்று மதியத்துக்கு மேல் மழை விட்டு, பொழுது சாயும்போது பனி இறங்கியது. பூசணிக்காய்கள் உடைந்தன. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. முன்னால் போன பிக்கப்பில் தப்பட்டை அதிர, ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறத் தொடங்கின. யூனிஸ் மைல்கல்லின் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். தேயிலைச் செடியிலிருந்து சொட்டிய நீர் அவள் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் மரியஅந்தோணி. பின்னால் வந்த ஜீப்பின் வெளிச்சத்தில் அவருடைய மீசையின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. ஜீப் தயங்கியது, யூனிஸ் அமுக்கினாள். அடுத்தது சகாயம். அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு திரும்பினான். அடுத்தது, அடுத்தது. ஒவ்வொரு வண்டியும் தனக்கு முன்னால் போகிற வண்டிக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு வந்தது. பனி அந்த வெளிச்சத்தில் புகைபோல் சுழன்றது. யூனிஸுக்கு உள்ளுக்குள் ஒரு நிதானம் வந்திருந்தது. இந்த ரோல் கழுவி வரும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போதே தெரிந்தது. கியர் மாறும் சத்தத்துக்கு விரல் தானாகவே அமுங்கியது.

கடைசி இரண்டு மூன்று ஜீப்புகள் மட்டும் பாக்கி இருந்தபோது அவள் தலையைத் திருப்பிக் கீழ்ப்பாதையைப் பார்த்தாள். வரிசையிலிருந்து நன்றாகப் பின்தங்கி, பட்டாள வண்டி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. பாலனின் வேன் வெளிச்சம் அதன் பின்னால் தெரியவில்லை. சீரியல் விளக்கின் பச்சையிலும் சிவப்பிலும், இந்தப் பக்கத்துக் கதவின்மேல் ஒரு முழங்கை தெரிந்தது. முழங்கைக்கு மேலே பொன்ராஜின் முகம். காற்று வாங்குகிறவனைப்போல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான்.

யூனிஸ் காமிராவைக் கீழே இறக்கினாள்.

பட்டாள வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பதான்கோட்டில் அப்படிப்பட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள் அவள். இடம் பார்த்தபோதும், ஒத்திகை பார்த்தபோதும் எல்லா ஜீப்பும் ஒன்றுபோல்தான் அவள் மனதில் திரும்பின. மைல்கல் பக்கமிருந்து எடுத்தால் வளைவில் முதலில் விழுவது பொன்ராஜ்தான். வீரம்மா அவனுக்குப் பின்னால் வெறும் நிழல். ஸ்டியரிங்கே தெரியாது. அந்தப் படத்தைச் சட்டத்தில் பார்க்கிற ஒவ்வொருவரும் வண்டியைப் பொன்ராஜ் ஓட்டினான் என்றே சொல்வார்கள். மரியஅந்தோணி கேட்டதும் அதுதான். தானே அதைச் செய்து கொடுத்ததாகிவிடும்.

பாக்கியிருந்த ஜீப்புகளை அவள் அவசரப்படாமல் எடுத்து முடித்தாள். பிறகு அரிசிப் பையை இடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வளைவின் வெளிப்புறத்துக்கு ஓடினாள். அங்கே வெள்ளையடித்த காவல் கற்கள் வரிசையாக இருந்தன. ஏறுகிற ஜீப்பின் இடப்பக்கம் அவற்றை உரசிக்கொண்டுதான் திரும்பும். நிற்க இடம் இருந்தது. வெளிச்சம்தான் இல்லை. பாலனின் வேன் வந்திருந்தாலும் அதன் வெளிச்சம் இந்தப் பக்கம் விழாது. இப்போது திரும்பிப்போன ஜீப்பைக் கொஞ்சம் பின்னால் வரச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். எலுமிச்சம்பழம் நசுங்கிவிட்டது. கெஞ்சினாலும் ஒருவனும் ரிவர்ஸ் எடுக்க மாட்டான்.

அவள் சரிவில் இறங்கி ஓடிப் பட்டாள வண்டியின் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள். அது நடை வேகத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

"பாலன் வேன் என்னாச்சுக்கா?"

"எலுமிச்சம்பழத்தோடவே நின்னுருச்சு. செல்ஃப் எடுக்கல" என்றாள் வீரம்மா, சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "ஏன் புள்ள அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் வந்துட்டே?"

"நான் நின்ன பக்கம் தப்புக்கா. அங்கிருந்து எடுத்தா அண்ணன்தான் ஓட்டற மாதிரி விழுவாரு."

பொன்ராஜுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. கதவின்மேல் இருந்த கையை உள்ளே இழுத்துக்கொண்டான். "நான் வேணாப் பின்னால போயி உக்காந்துக்கட்டா?" என்றான்.

"அப்புறம் தேவாலால பேயி வண்டி ஓட்டுதும்பாங்க" என்றாள் வீரம்மா. "சும்மா உக்காருங்க."

மேலே ஹாரன் கேட்டது. மைதானத்தைச் சுற்றிவிட்டு முதல் ஜீப் இறங்கத் தொடங்கியிருந்தது. மரியஅந்தோணியின் ஹாரன் இரட்டைக் குரலில் அடிக்கும், ஊருக்கே தெரியும். யூனிஸ் அண்ணாந்து பார்த்தாள். மேல்பாதையில் பனிக்குள் மஞ்சளாக ஒரு வெளிச்சம் அசைந்து வளைவை நோக்கி வந்துகொண்டிருந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் ஒதுங்கி நிற்க வேண்டும். வளைவின் மேல்முனையில் ஜீப்பின் மூக்கு இந்தப் பக்கம் திரும்பியபடி அவர் நின்றால், அந்த வெளிச்சம் ஏறிவருகிற வண்டியின் முகத்தில் நேராக விழும்.

"அக்கா, மரியஅந்தோணி அண்ணன் இறங்கறாரு. உங்களைப் பார்த்தா வளைவு முனைல நிப்பாரு. நீங்க திரும்பறப்ப கொஞ்ச நேரம் அசையாம நிக்க முடியுமா?"

வீரம்மா ஒரு தடவை வளைவை அளந்து பார்த்தாள். "இதுக்கு ஹேண்ட்பிரேக்கு கெடையாது. கிளட்சுலயே புடிக்கறேன். கிளட்சு பிளேட்டு வாசனை வந்துச்சுன்னா விட்ருவேன். அதுக்குள்ள எடுத்துக்க."

யூனிஸ் மேலே ஓடினாள். காவல் கல்லின்மேல் அரிசிப் பையை வைத்து, காமிராவை அமுக்கி, வீரம்மாவின் முகம் வரவேண்டிய தூரத்துக்கு லென்ஸைத் திருப்பி வைத்தாள். ரோலில் மிச்சம் இருந்தது ஒன்றோ இரண்டோ.

மரியஅந்தோணியின் ஜீப் மேல்முனையில் திரும்பியது. கீழே ஏறிவருகிற வண்டியைப் பார்த்ததும் அவர் பிரேக்கை மிதித்தார். விதி அவருடைய காலில் ஊறியிருந்தது. அதே கையோடு மலை டிரைவர்களுக்கே உரிய மரியாதையையும் செய்தார். ஏறுகிறவருக்குக் கண் கூசக் கூடாது என்று ஹெட்லைட்டை அணைத்தார். வளைவு முழுக்க இருட்டாகிவிட்டது. பட்டாள வண்டியின் மங்கிய விளக்குகளும் சீரியல் பல்புகளும் மட்டும் மினுங்கின.

"அண்ணா, லைட்டைப் போடுங்க" என்றாள் யூனிஸ்.

"ஏறுற வண்டிக்குக் கண்ணைக் கூசும் அம்மணி."

"எனக்குக் கூசாதுங்க" என்றாள் வீரம்மா, இருட்டிலிருந்து. "போடுங்க."

பட்டாள வண்டி வளைவுக்குள் வந்து நின்றது. பிரேக்கில் அல்ல. எஞ்சினின் உறுமல் ஒரே சுருதியில் நிற்க, ஏறவும் ஏறாமல் இறங்கவும் இறங்காமல் சரிவின் நடுவில் அப்படியே நின்றது. அதற்குள் மரியஅந்தோணிக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஜீப்புகள் வந்து சேர்ந்திருந்தன. டிரைவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். வழி விட்டும் வண்டி ஏன் ஏறவில்லை என்று யாரோ கேட்டார்கள். காவல் கல்லருகே காமிராவோடு மண்டியிட்டிருந்த யூனிஸையும், கிளட்சில் நின்ற ஜீப்பையும், அணைந்திருந்த தன் விளக்கையும் மரியஅந்தோணி மாறி மாறிப் பார்த்தார். தன்னிடம் கேட்கப்படுவது என்ன என்று அவருக்கு அப்போது விளங்கியது. ஒரு சுவிட்சைத் தொடாமல் இருந்தாலே போதும், அடுத்த ஆயுத பூஜைவரை பேச்சு முடிந்துவிடும். யாரும் அவரைக் குறை சொல்லவும் முடியாது. மரியாதைக்குத்தானே விளக்கை அணைத்தார்.

எஞ்சினின் உறுமல் மாறாமல் நின்றது. கிளட்சில் இவ்வளவு நேரம் அந்தப் பழைய வண்டியை அந்தச் சரிவில் பிடித்து நிறுத்த ஸ்டாண்டில் எத்தனை பேரால் முடியும் என்பது, வாழ்க்கை முழுக்க மலையில் வண்டி ஓட்டிய மனிதருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"டிம்மா, பிரைட்டா?" என்றார் மரியஅந்தோணி.

"டிம். பிரைட்டு போட்டா பனியெல்லாம் வெள்ளையாயிரும்."

வெளிச்சம் வந்தது. பனியின் கீழாகத் தாழ்ந்து வந்து, பட்டாள வண்டியின் சாமந்தி மாலையில் பட்டு, கண்ணாடியைத் தாண்டி வீரம்மாவின் முகத்தில் விழுந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். நெற்றியில் பூஜைக் குங்குமம். அவள் காமிராவைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த வெளிச்சத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொன்ராஜ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். யூனிஸ் மூச்சை நிறுத்தி அமுக்கினாள். ரோலைத் திருப்பி இன்னொரு முறை அமுக்கினாள். அதோடு ரோல் முடிந்தது.

"போங்கக்கா."

கிளட்சு பிளேட்டின் வாசனை லேசாக வந்துவிட்டிருந்தது. பட்டாள வண்டி ஒரே இழுவையில் வளைவைத் தாண்டி மேலே ஏறியது. மரியஅந்தோணியின் ஜீப்பைக் கடக்கும்போது வீரம்மா ஒரு சின்ன ஹாரன் கொடுத்தாள். வழி விட்டவருக்கு டிரைவர்கள் கொடுக்கும் வழக்கமான ஹாரன். அவரும் பதிலுக்கு ஒன்று கொடுத்தார்.

படங்கள் கூடலூரில் கழுவி வந்தன. யூனிஸ் அவற்றைத் தானே வெட்டிச் சட்டத்தில் ஒட்டிப் பாலனிடம் கொடுத்தாள். பாலன் பஞ்சு மூட்டையை இறக்கிவிட்டுப் புதியதை மாட்டினான். காலை டீக்கு வந்தவர்கள் தங்கள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மற்றவர்களின் முகத்தைக் கேலி செய்தார்கள். சகாயத்தின் பல் படத்தில் ஹெட்லைட்டைவிடப் பளிச்சென்று இருந்ததாம். வேறு ஸ்டாண்டிலிருந்து வந்த ஒருவன் கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் நின்று, "இதென்னடா, தேவாலால பொம்பளை ஓட்டறாங்களா?" என்று சிரித்தான்.

"ஆமா" என்றார் மரியஅந்தோணி, டீ கிளாஸிலிருந்து வாயை எடுத்து. "தண்ணித்தொட்டி வளைவுல கிளட்சுல நின்னு காட்டறியா நீயி? காட்டுனா உம்படத்தையும் மாட்டறோம்."

அவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். 

மறுநாள் காலையில் ஸ்டாண்டில் முதல் வண்டி போயிற்று, இரண்டாவது போயிற்று. மழை தூறிக்கொண்டிருந்தது. சேரம்பாடிப் பக்கம் போக லயத்துப் பெண்கள் சிலர் அரிசி மூட்டையோடும் கைக்குழந்தையோடும் நின்றார்கள். மரியஅந்தோணி விசிலை எடுத்து ஊதினார்.

"அடுத்த டர்ன் வீரம்மா. ஏறுங்க, ஏறுங்க, நனையாதீங்க."

பொன்ராஜ் மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்து, பின்கதவைச் சாத்தி, இரண்டு தட்டுத் தட்டினான்.